ஏலக்காய்க் கணக்கு மெஷினில் 48 அடுக்கு ஜெருசலேம் வைரஸ்

வண்டன்மேட்டுப் பக்கம் ஒரு பூலர் வீட்டுப் பரணிலிருந்து இறக்கிய 486 மெஷின் இது. எங்கள் மலைக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: தோட்டக்காரர்களிடம் காய் வாங்கிச் சேர்த்து, லாட் போட்டு, ஏலத்துக்கு அனுப்புகிறவர்தான் பூலர். குமுளியில் என் மேசையில் பெட்டியை வைத்துவிட்டுப் பெரியவர் கேட்டது ஒன்றுதான். "தம்பி, பெட்டி ஓடணும்னு இல்ல. உள்ள 95 வரைக்கும் இருக்குற லாட் கணக்கு மட்டும் வேணும்." அண்ணன் தம்பிக்குள் பாகப் பேச்சு ஓடுகிறது. காகித லெட்ஜரைக் கரையான் முடித்துவிட்டது.

கூடவே ஒரு ஃபைல் கட்டும் கொண்டுவந்திருந்தார். புரோக்ராம் எழுதித் தந்தவர் அன்றைக்கே டாட் மேட்ரிக்ஸில் 'டிர்' பட்டியல் எடுத்து, ஓரத்துளை கிழிக்காமல், அட்டையின் உள்பக்கம் ஒட்டியிருந்தார். ஃபைல் பெயர், அளவு, தேதி, நேரம் எல்லாம் அதில் இருந்தது. இந்த வேலையில் எனக்கு மிகவும் உதவியது அந்தத் தாள்தான்.

மெஷினின் கதையை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். போர்டில் இருந்த பீப்பாய் வடிவ நிக்கல்-காட்மியம் பேட்டரி கசிந்து, கீபோர்டு சாக்கெட் பக்கம் தடங்களைப் பச்சையாக அரித்திருந்தது. அந்தக் காலத்து 386, 486 போர்டுகளுக்கு வழக்கமான சாவு. அதை உயிர்ப்பிக்க நான் முயலவில்லை. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி யூஎஸ்பி-ஐடிஈ அடாப்டரில் மாட்டினால் லேப்டாப் கண்டுகொள்ளவே இல்லை. இதில் பலர் ஏமாந்து டிஸ்க் போச்சு என்று தூக்கிப் போடுகிறார்கள். இத்தனை சின்ன, பழைய டிஸ்க்குகள் பலவற்றுக்கு எல்பிஏ முறை, அதாவது செக்டர்களை ஒரே வரிசை எண்ணால் கேட்பது, தெரியாது. சிலிண்டர், ஹெட், செக்டர் என்று கேட்டால்தான் பதில் சொல்லும். அடாப்டருக்கு அப்படிக் கேட்கத் தெரியாது. உண்மையான ஐடிஈ சாக்கெட் உள்ள ஒரு பென்டியம் 3 போர்டில் மாட்டி, சிடியிலிருந்து லினக்ஸ் பூட் செய்து, முழு டிஸ்க்கையும் ஒரே இமேஜ் ஃபைலாக இழுத்தேன். காலி இடத்தில் சில செக்டர்கள் மட்டும் படிக்கவில்லை.

இனி எல்லாம் அந்த இமேஜின் நகலில்தான். லினக்ஸில் மவுன்ட் செய்து பட்டியல் போட்டு, தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். டாஸில் ஓட்டக்கூடிய புரோக்ராம் ஃபைல் ஈஎக்ஸ்ஈ, காம் என்று இரண்டு வகை. கணக்கு புரோக்ராமின் ஈஎக்ஸ்ஈ ஃபைல் தாளில் 3,12,298 பைட். டிஸ்க்கில் 3,99,088. தேதியும் நேரமும் மட்டும் நிமிஷம்கூட மாறவில்லை. பிரின்டரைச் சின்ன எழுத்துக்கு மாற்ற அவர் எழுதிய குட்டி காம் ஃபைல் தாளில் 96 பைட், டிஸ்க்கில் 1,909. அந்த மெஷினின் இயங்குதளமான எம்எஸ்-டாஸ் 6.22-ன் எடிட் காம் ஃபைல் 413 பைட் என்பது அந்தக் காலத்து ஆட்களுக்கு மனப்பாடம், இங்கே 2,226. ஆனால் நாம் தட்டும் கட்டளைகளை வாங்குகிற டாஸின் சொந்த புரோக்ராமான கமாண்ட் காம் மட்டும் 54,645, அச்சு அசலாக அப்படியே.

காம் ஃபைல் இரண்டிலும் கூடியிருப்பது சரியாக 1,813. அங்கேயே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. ஜெருசலேம் வைரஸ். 1987 அக்டோபரில் ஜெருசலேமின் ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் கண்டுபிடிக்கப்பட்டதால் அந்தப் பெயர். வெள்ளிக்கிழமையும் 13-ம் தேதியும் சேர்ந்து வந்தால் ஓட்டுகிற புரோக்ராமையெல்லாம் அழிக்கும் என்பதால் 'ஃப்ரைடே தர்ட்டீன்த்' என்றும் சொல்வார்கள். நம் ஊர்க் கம்ப்யூட்டர் சென்டர்களில் பேசப்பட்ட பிரெயின், ஜோஷி இரண்டும் டிஸ்க்கின் பூட் செக்டரில் உட்காருகிறவை. இது வேறு சாதி. புரோக்ராம் ஃபைலுக்குள் நுழையும். ஆனால் அதன் குடியிருப்பு மெமரியில்.

இதைப் புரிந்துகொள்ள டாஸ் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். ஃபைல் திற, படி, எழுது, இன்னொரு புரோக்ராமை ஓட்டு என்று எந்த புரோக்ராம் எதைக் கேட்டாலும், அது இன்டரப்ட் 21 என்ற ஒரே வாசல் வழியாகத்தான் டாஸைப் போய்ச் சேரும். பதினாறடிமானத்தில் 21. அந்த வாசலின் முகவரி மெமரியின் அடிப்பக்கம் ஒரு அட்டவணையில் நாலு பைட்டாக எழுதிக் கிடக்கிறது. பூட்டு கிடையாது, காவல் கிடையாது. யார் வேண்டுமானாலும் அந்த நாலு பைட்டை மாற்றலாம். டாஸ் காலத்து கீபோர்டு டிரைவர், பாப்-அப் கால்குலேட்டர் எல்லாம் இப்படி மாற்றித்தான் பிழைத்தன. வைரஸும் அதே வழியில்தான் வந்தது.

தொற்றிய புரோக்ராம் ஒன்றை முதல்முறை ஓட்டியதும் வைரஸ் கேட்கிற முதல் கேள்வி, 'நான் ஏற்கெனவே உள்ளே இருக்கிறேனா?' டாஸ் பயன்படுத்தாத இ0 என்ற எண்ணைப் போட்டு இன்டரப்ட் 21-ஐக் கூப்பிடும். மெமரியில் இன்னொரு பிரதி இருந்தால் அதுதான் அந்த அழைப்பைப் பிடித்து, ஒப்புக்கொண்ட எண்ணைத் திருப்பித் தரும். பதில் வராவிட்டால் மெமரியில் தன் இடத்தை ஒதுக்கிக்கொண்டு, இன்டரப்ட் 21-ஐத் தன் பக்கம் திருப்பி, நாம் ஓட்டச் சொன்ன புரோக்ராமைத் தானே இன்னொரு முறை ஓட்டிக் காட்டும். அது முடிந்ததும் 'நான் மெமரியிலேயே தங்குகிறேன்' என்று டாஸிடம் முறைப்படி சொல்லிவிட்டு வெளியேறும். திரையில் எதுவும் தெரியாது. புரோக்ராம் ஓடியது, முடிந்தது, அவ்வளவுதான்.

இந்த மெஷினில், பூட் ஆனதும் தானாக ஓடும் ஆட்டோஎக்ஸெக் ஃபைலின் கடைசி வரி அந்த 96 பைட் பிரின்டர் புரோக்ராம். இமேஜின் நகலை எமுலேட்டரில் (பழைய மெஷின்போல் நடிக்கும் மென்பொருள்), நெட்வொர்க்கும் ஷேர் ஃபோல்டரும் இல்லாமல், எழுதுவது எதுவும் தங்காத ஸ்னாப்ஷாட் முறையில் பூட் செய்து, மெமரியில் யார் இருக்கிறார்கள் என்று காட்டும் மெம் கட்டளையை /சி போட்டு ஓட்டினேன். ஒரு வரி பிரின்டருக்கு அனுப்பிவிட்டு முடிந்துபோயிருக்க வேண்டிய அந்தப் புரோக்ராமின் பெயர் மெமரிப் பட்டியலில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது, இரண்டு கேபிக்குக் கொஞ்சம் குறைவான இடத்தில். சுத்தமான பிளாப்பி இமேஜிலிருந்து பூட் செய்தால் அந்த வரி இல்லை. மெம் என்பதும் ஒரு ஈஎக்ஸ்ஈ தானே? மெமரியைப் பார்க்க நான் ஓட்டிய அந்தக் கணமே அதுவும் தொற்றிக்கொண்டது.

மெமரியில் ஏறிய பிறகு வைரஸ் காத்திருப்பது ஒரே ஒரு அழைப்புக்கு: 4பி, அதாவது 'இந்தப் புரோக்ராமை ஏற்றி ஓட்டு'. அந்த அழைப்போடு ஃபைல் பெயரும் பாதையும் வருகிறது. தேடி அலைய வேண்டியதே இல்லை. இரை தானாகப் பெயர் சொல்லிக்கொண்டு வருகிறது. முதலில் பெயர் கமாண்ட் காமா என்று பார்க்கும், ஆமென்றால் விட்டுவிடும். மெஷினில் ஏதோ கோளாறு என்றால் எல்லோரும் முதலில் பார்க்கிற ஃபைல் அதுதான் என்பதால் வைரஸை எழுதியவன் விட்டிருப்பான் என்பது என் ஊகம். பிறகு ரீட்-ஒன்லி இருந்தால் அதைக் கழற்றும், ஃபைலின் தேதி நேரத்தைக் குறித்துக்கொள்ளும், எழுதும், தேதியையும் ரீட்-ஒன்லியையும் பழையபடி வைத்துவிடும். அதற்கு முன்பாகவே இன்டரப்ட் 24-ஐயும் தற்காலிகமாகத் தன் கையில் எடுத்துக்கொள்ளும். அது டாஸின் பிழை அறிவிப்பு வாசல். எழுத முடியாதபடி டேப் ஒட்டிய பிளாப்பியிலிருந்து புரோக்ராம் ஓட்டும்போது 'ரைட் ப்ரொடெக்ட்' என்று திரையில் கத்தினால் ஆளுக்குச் சந்தேகம் வந்துவிடும் அல்லவா? அந்தச் சத்தத்தை அடக்கத்தான்.

எமுலேட்டரில் நானே ஒரு சின்ன காம் ஃபைல் எழுதி வைத்துப் பார்த்தேன். காப்பி செய்தால் மாறவில்லை. டைப் கட்டளையில் காட்டினால் மாறவில்லை. ஓட்டினால் அந்த நொடியே 1,813 கூடிவிட்டது. இரண்டாம் முறை ஓட்டினால் கூடவில்லை.

காரணம் அதன் அமைப்பு. காம் ஃபைல் என்பது தலைப்புத் தகவல் ஏதும் இல்லாத மொட்டைக் குறியீடு. முதல் பைட்டிலிருந்தே ஓட ஆரம்பிக்கும். எனவே வைரஸ் தன் 1,808 பைட்டை முன்னால் வைத்து, அசல் புரோக்ராமைப் பின்னால் தள்ளி, கடைசியில் 'எம்எஸ்டாஸ்' என்று ஐந்து ஆங்கில எழுத்தை அடையாளமாக ஒட்டுகிறது. 1,808-ம் 5-ம் 1,813. அடுத்தமுறை அந்த ஐந்து எழுத்தைப் பார்த்தால் தொடாது.

ஈஎக்ஸ்ஈ ஃபைலில் அடையாளம் ஒட்டுகிற வேலை கிடையாது. அதனால் ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் புதிதாக ஒரு பிரதி வாலில் சேரும். இது அதன் ஆசிரியனின் பிழை, அதுவும் பெரிய பிழை. தாளில் இருந்த அளவை டிஸ்க்கில் இருந்த அளவிலிருந்து கழித்தால் 86,790. 1,808-ஆல் வகுத்தால் 48, மீதி 6. அந்த ஆறும் வீணாக வந்ததல்ல: வைரஸ் ஈஎக்ஸ்ஈயில் எழுதும்போது ஆரம்ப இடத்தை 16-ன் மடங்குக்கு உயர்த்திக்கொள்ளும். 3,12,298-க்கு அடுத்த 16-ன் மடங்கு 3,12,304. அங்கே ஆறு பைட் குப்பை, அதன்மேல் 48 பிரதிகள். 1,808 தானே 16-ன் மடங்கு என்பதால் அடுத்தடுத்த அடுக்குகளில் குப்பை சேரவில்லை.

ஆக, அந்தக் குடும்பம் தொற்றிய பிறகு கணக்கு புரோக்ராமை ஏறக்குறைய 48 தடவை திறந்திருக்கிறது. வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்கு ஒரு தடவை என்றால் இரண்டு மாசக் கணக்கு. லாட் கணக்கு சேமித்திருக்கும் டிபிஎஃப் ஃபைலின் தொடக்கத்தில், இரண்டாவது பைட்டிலிருந்து மூன்று பைட், கடைசியாகத் திருத்திய வருஷம், மாசம், நாள். பார்த்தேன்: 1995 அக்டோபர் 9, திங்கள்கிழமை.

அந்தத் தேதியைச் சொன்னதும் பெரியவரின் மகன்தான் ஞாபகப்படுத்தினார். "ஆமாண்ணே, ஒரு நாளு 'புரோக்ராம் டூ பிக் டு ஃபிட் இன் மெமரி'ன்னு வந்து நின்னுபோச்சு. அப்பறம் கை நோட்டுதான்." சரிதான்: டாஸின் 640 கேபிக்குள் ஏற்கெனவே பருத்த புரோக்ராம், அதன் மேல் 85 கேபி வால். அடுத்த வெள்ளி என்ன தேதி என்று காலண்டரைப் பார்த்தேன். 1995 அக்டோபர் 13. நாலு நாளில் வைரஸின் நாள் வரவிருந்தது. அதற்குள் அதன் சொந்தப் பிழையே கடையை மூடவைத்துவிட்டது.

அந்த நாளில் என்ன நடந்திருக்கும் என்று எமுலேட்டருக்கு அதே தேதியைக் கொடுத்து பூட் செய்து பார்த்தேன். தேதியைப் பார்ப்பது மெமரியில் ஏறுகிற அந்த ஒரு கணத்தில் மட்டும்தான், ஆகவே பூட்டுக்கு முன்பே தேதி சரியாக இருக்க வேண்டும். கணக்கு புரோக்ராமைத் தட்டினேன், ஓடவில்லை. டிர் போட்டால் ஃபைல் இல்லை. டாஸ் 6.22-ல் அழிந்ததை மீட்கும் அன்டிலீட் இருக்கிறதே என்று அதைத் தட்டினால் அதுவும் போனது. டிபிஎஃப் கணக்கு ஃபைல்களைத் தொடவில்லை. 1987-ம் வருஷம் மட்டும் இந்த அழிப்புக்கு விலக்கு. அந்த வருஷம் நவம்பர் 13-ம் வெள்ளிதான். பரவ அவகாசம் கொடுத்திருக்கிறான். முதல் அழிப்பு நாள் 1988 மே 13.

செத்த பேட்டரியுடன் இந்த மெஷின் எப்படியோ பூட் ஆகியிருந்தால் தேதி 1980 ஜனவரி 1 என்று ஆரம்பித்திருக்கும். அது செவ்வாய்க்கிழமை. யாராவது நல்ல மனசோடு புது பேட்டரி மாட்டித் தேதியைச் சரிசெய்தால்தான் ஆபத்து.

இன்னொரு விஷயம் எனக்குக் குழப்பமாக இருந்தது. 486-க்கு முன் அவர்களிடம் ஒரு எக்ஸ்டி, அதாவது அதைவிடப் பல மடங்கு மெதுவான பழைய கம்ப்யூட்டர், இருந்தது. "போட்டு அரை மணி நேரத்துல ஆமை மாதிரி ஆயிரும். சூடாகுதுன்னு டேபிள் ஃபேன் வச்சோம். அதுக்கும் கேக்கலன்னுதான் ஆகஸ்டுல புதுசு வாங்குனோம்" என்றார் பெரியவர். புதியதில் அந்த மந்தம் இல்லையாம். அதே ஃபைல்கள், அதே வைரஸ்; பிறகு ஏன்?

கணக்குப் போட்டால் விடை வருகிறது. வைரஸ் இன்டரப்ட் 8 என்ற டைமரையும் பிடித்துக்கொள்கிறது. டைமர் நொடிக்கு 18.2 தடவை அடிக்கும். 32,400-லிருந்து கீழே எண்ணிக்கொண்டு வரும். அதாவது ஏறக்குறைய அரை மணி. எண்ணி முடிக்கும் தறுவாயில் திரையின் இடப்பக்கம் ஒரு சதுரத்தை இரண்டு வரி மேலே நகர்த்தும். நீலத் திரையில் அது கருப்பு ஒட்டுப்போல் தெரியும். அதற்குப் பிறகு ஒவ்வொரு டிக்கிலும் 16,385 சுற்றுள்ள ஒரு வெட்டிச் சுழல். 4.77 மெகாஹெர்ட்ஸ் எக்ஸ்டியில் ஒரு டிக்குக்கு 2,62,144 சைக்கிள்தான் (சிப்பின் கடிகாரத் துடிப்பு) கிடைக்கும். 8088 சிப்புக்கு ஒரு சுற்று 13 சைக்கிள்; மொத்தம் 2,13,000-க்கு மேல். ஐந்தில் நாலு பங்கு வேகம் அதிலேயே போய்விடுகிறது. 33 மெகாஹெர்ட்ஸ் 486-ல் ஒரு டிக்குக்குப் பதினெட்டு லட்சம் சைக்கிள், ஒரு சுற்று நாலைந்து சைக்கிள்தான். நூற்றுக்கு நாலைந்து பங்குதான் போகிறது, அதை யாரும் உணர மாட்டார்கள். எக்ஸ்டியில் காட்டிக்கொடுத்த அறிகுறி வேகமான மெஷினில் மறைந்துவிட்டது. டேபிள் ஃபேனுக்கு இதில் வேலையே இல்லை.

இனி சுத்தம் செய்கிற வேலை. டிபிஎஃப் ஃபைலை இன்று நேராகத் திறக்கலாமே, புரோக்ராம் எதற்கு என்று கேட்கலாம். திறந்தேன். பார்ட்டி கோடு, கிரேடு கோடு, கிலோ, விலை எல்லாம் எண்களாகக் கிடந்தன. எந்த கிரேடுக்கு எவ்வளவு கழிவு, கமிஷன் எப்படி என்பது ஈஎக்ஸ்ஈக்குள். பழைய அச்சுத் தாளின் அதே வடிவில் வந்தால்தான் இரண்டு பக்கமும் ஒப்புக்கொள்வார்கள்.

மெமரியில் வைரஸ் இருக்கும்போது அதே மெஷினில் சுத்தம் செய்யக் கூடாது. இந்த வேலையில் நான் விட்டுக்கொடுக்காத விதி அது ஒன்றுதான். சுத்தம் செய்த ஃபைலை ஒருமுறை ஓட்டினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். ஜெருசலேமாவது ஓட்டினால்தான் தொற்றும். 1989-ல் பல்கேரியாவிலிருந்து வந்த டார்க் அவெஞ்சர் ஃபைலைத் திறந்தாலே தொற்றும். அது மெமரியில் இருக்கும்போது ஸ்கேனரை ஓட்டினால், ஸ்கேனர் ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து டிஸ்க் முழுக்கத் தொற்றவைத்துவிடும். அந்தக் காலத்தில் டேப் ஒட்டிய சுத்தமான பிளாப்பியில் பூட் செய், பிறகு பார் என்று சொன்னது இதற்காகத்தான். எனக்கு லினக்ஸ் அந்த பிளாப்பி வேலையைச் செய்தது.

காம் ஃபைல் சுலபம். முன்னால் 1,808, பின்னால் 5 வெட்டினால் அசல். எடிட் காமை என்னிடம் இருந்த 6.22 நிறுவல் டிஸ்க்கில் உள்ளதோடு பைட் பைட்டாக ஒப்பிட்டேன், ஒன்றுகூட மாறவில்லை.

ஈஎக்ஸ்ஈயில் நிதானம் தேவை. அதன் தலைப்பில் புரோக்ராம் எங்கிருந்து ஓட ஆரம்பிக்க வேண்டும், ஸ்டாக் எங்கே என்ற எண்கள் இருக்கும். வைரஸ் அவற்றைத் தன்னை நோக்கித் திருப்பிவிட்டு, பழைய எண்களைத் தன் உடலுக்குள் பத்திரமாக வைத்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் அசலுக்கு வழிவிட அவை வேண்டுமே. நாற்பத்தெட்டாவது பிரதி வைத்திருப்பது நாற்பத்தேழாவதின் முகவரி, அது வைத்திருப்பது நாற்பத்தாறாவதின் முகவரி. வாழைத்தண்டுக்கு மட்டை உரிப்பதுபோல் வெளியிலிருந்து ஒவ்வொன்றாக உரிக்கும் சின்ன பைதான் ஸ்கிரிப்ட் எழுதினேன். தலைப்பைப் படி, வைரஸ் பிரதியைக் கண்டுபிடி, பழைய எண்களை எடுத்துத் தலைப்பில் போடு, வாலை வெட்டு, மறுபடி பார். அடுக்கு தீர்ந்தபோது ஃபைல் 3,12,304.

ஃபைலின் நீளத்தைச் சொல்லும் தலைப்பின் பக்கக் கணக்கை மட்டும் வைரஸ் சேமித்து வைப்பதில்லை. அங்கேதான் ஒட்டிய தாள் கைகொடுத்தது. 3,12,298 பைட் என்றால் 512 வீதம் 610 பக்கம், கடைசிப் பக்கத்தில் 490. அந்த இரண்டு எண்ணையும் கையால் எழுதி ஆறு பைட் குப்பையை வெட்டினேன். தலைப்பில் செக்சம் என்ற சரிபார்ப்பு எண் இருந்த இடத்தில் வைரஸ் 1984 என்று பதினாறடிமானத்தில் எழுதி வைத்திருந்தது. அசல் எண் திரும்பாது. டாஸ் அதைப் பார்ப்பதே இல்லை என்பதால் சுழியம் போட்டுவிட்டேன்.

இந்த புரோக்ராமில் ஓவர்லே இல்லாதது அதிர்ஷ்டம். தலைப்பு சொல்லும் நீளத்துக்கு அப்பாலும் ஃபைலில் சரக்கு வைத்திருக்கும் ஈஎக்ஸ்ஈகள் உண்டு. வைரஸ் ஃபைலின் முடிவைப் பார்க்காமல் தலைப்பு சொல்லும் நீளத்தில் போய் எழுதும்; அந்தச் சரக்கின்மேலேயே எழுதிவிடும். அப்படி ஆனதை எந்த ஸ்கிரிப்டாலும் மீட்க முடியாது.

புதிய இமேஜில் சுத்தமான 6.22, அதில் உரித்த ஈஎக்ஸ்ஈ, பிரின்டர் புரோக்ராம், டிபிஎஃப், இன்டெக்ஸ். எமுலேட்டரில் பிரின்டர் போர்ட்டை ஒரு ஃபைலுக்குத் திருப்பி லாட் ரிப்போர்ட் எடுத்தேன். பெரியவரிடம் கரையான் தப்பவிட்ட ஒரே ஒரு பில் இருந்தது. அந்த லாட்டை எடுத்து ஒப்பிட்டதில் கிலோ, கழிவு, கமிஷன், கடைசிப் பைசா வரை ஒத்தது. மெம் /சி போட்டேன், பிரின்டர் புரோக்ராமின் பெயர் பட்டியலில் இல்லை.

ரிப்போர்ட்டை ஏ4-ல் லேசரில் அச்சடித்து இரண்டு செட் கொடுத்தேன். பழைய இமேஜ் என்னிடம் இருக்கிறது; தொற்றிய ஃபைல்களின் பெயர் வாலை மாற்றி, தட்டினாலும் ஓடாதபடி வைத்திருக்கிறேன். அவர்கள் கொண்டுவந்த அட்டைப்பெட்டியில் எக்ஸ்டி காலத்து ஐந்தேகால் அங்குல பிளாப்பிகள் பூஞ்சை பூத்துக் கிடக்கின்றன. உறையை ஓரமாகத் திறந்து, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் தட்டைத் துடைத்து, காயவைத்த பிறகுதான் டிரைவில் போட வேண்டும், இல்லாவிட்டால் ஹெட்டும் கெடும். 94 சீசனின் பேக்கப் அவற்றில் இருக்கலாம் என்கிறார் மகன். மழை விட்டு வெயில் அடித்ததும் அதைப் பார்க்க வேண்டும்.